எட்டாயிரம் மணிநேரத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

அமெரிக்காவில் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தேர்வைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், மாதிரி வினாத்தாள் வாங்குகிறார்கள், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆனால் தேர்வு அறைக்குள் போவதற்கு முன்பே தாண்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் அல்லது இத்தனை மணிநேரம் இந்தத் தொழிலில் வேலை செய்திருக்க வேண்டும் என்ற அனுபவத் தகுதிதான் அது. பத்துப் பதினைந்து வருடம் கம்பி இழுத்துக் கை காய்த்தவர்கள்கூட அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வேலை தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல்தான் நிற்கிறார்கள்.

முதலில் உரிமம் யாருக்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒரு தொழிலாளர். காண்ட்ராக்டர் என்பது வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டு, ஆள் வைத்து வேலை செய்து கொடுக்கும் தொழில் நிறுவனம். அது தனி ஆளாகவும் இருக்கலாம், நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியாகவும் இருக்கலாம். ஒரு கம்பெனி ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதில்லை, அதனால் கம்பெனிக்கு அனுபவம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் அந்த நிறுவனத்துக்குள் ஓர் ஆளைத் தேடுகிறது: இந்த நிறுவனம் செய்யும் வயரிங்குக்கு யாருடைய அறிவு பொறுப்பு?

டெக்சாஸ் இதை நேரடியாகச் சொல்கிறது. காண்ட்ராக்டர் உரிமம் வேண்டுமென்றால் ஒரு மாஸ்டர் எலக்ட்ரீஷியன், அதாவது மேல்நிலை எலக்ட்ரீஷியன் உரிமம் பெற்றவர், அந்த நிறுவனத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பதாரரே மாஸ்டராக இருக்க வேண்டும். அனுபவக் கணக்கு முழுவதும் அந்த மாஸ்டர் உரிமத்தின் பின்னால் இருக்கிறது. காண்ட்ராக்டர் உரிமத்தைப் பொறுத்தவரை மிச்சம் இருப்பது காப்பீடும் கட்டணமும்தான். கலிஃபோர்னியாவில் வேறு வழி. அங்கே காண்ட்ராக்டர் உரிம வாரியம் கொடுக்கும் சி-10 என்ற மின்வேலை உரிமத்துக்கு, தகுதி காட்டும் நபர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவர் உரிமையாளராகவோ, கம்பெனி அதிகாரியாகவோ, சம்பளத்துக்கு வேலை செய்பவராகவோ இருக்கலாம். அனுபவத்தைக் காட்ட வேண்டியதும் தேர்வு எழுத வேண்டியதும் அவர்தான். இலினாய், பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற இடங்களிலோ மாநிலம் முழுமைக்குமான எலக்ட்ரீஷியன் உரிமமே இல்லை. நகரமும் மாவட்டமும் தனித்தனியாக விதி வைத்திருக்கின்றன. பக்கத்து ஊரில் வேலை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

இனி எண்கள். டெக்சாஸில் மாஸ்டர் எலக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில் 8,000 மணிநேரம் வேலை செய்தவர் ஜர்னிமேன், அதாவது தனியாக வேலை செய்யத் தகுதி பெற்றவர் ஆகலாம். 7,000 மணிநேரம் முடிந்ததும் தேர்வு எழுத விடுகிறார்கள். மாஸ்டர் ஆக 12,000 மணிநேரமும், குறைந்தது இரண்டு வருடம் ஜர்னிமேன் உரிமமும் வேண்டும். மாசசூசெட்ஸில் ஜர்னிமேனுக்கு 8,000 மணிநேர வேலையோடு 600 மணிநேர வகுப்புப் படிப்பும் தேவை. நியூயார்க் நகரம் மாஸ்டர் உரிமத்துக்குக் கேட்பது ஏழரை வருடம், அதில் குறைந்தது 10,500 மணிநேரம். கலிஃபோர்னியா சி-10 உரிமத்துக்கு மணிக்கணக்கு பார்ப்பதில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து வருடத்துக்குள் நான்கு முழு வருடம் என்று கேட்கிறது.

வாரம் 40 மணிநேரம், வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 2,000 மணிநேரம். 8,000 என்பது நான்கு வருடம், 12,000 என்பது ஆறு வருடம். காகிதத்தில் அப்படி. கட்டுமான வேலையில் மழைக்காலம் வரும், ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டிவரும், ஆட்குறைப்பும் வரும். நான்கு வருடக் கணக்கு நிஜத்தில் ஐந்தாக நீளுவது சாதாரணம். மணிக்கணக்கு பார்க்கும் மாநிலத்தில் ஓவர்டைம் செய்தவர் அதை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளலாம். வருடக்கணக்கு பார்க்கும் இடத்தில் இரவு பகலாக உழைத்தாலும் ஒரு வருடம் ஒரு வருடம்தான்.

இவ்வளவு காலம் ஏன்? தேர்வு ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டியாளர்கள் உள்ளே வராமல் தடுக்க ஏற்கெனவே உள்ளவர்கள் கட்டிய வேலி இது என்ற குற்றச்சாட்டும் பழையது. அதில் துளியும் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மின்வேலையின் தன்மையைப் பார்த்தால் இந்தக் காலத்தை வீண் என்று தள்ள முடியவில்லை.

அமெரிக்க வீடுகளுக்கு வரும் மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். தெருவிலிருந்து இரண்டு உயிர்க்கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. உயிர்க்கம்பி ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடையே 240. இப்போது நியூட்ரல் மட்டும் எங்கோ கழன்றுவிட்டது என்று வையுங்கள். விளக்கு அணையாது. பிரேக்கர் விழாது. ஒரு பக்கத்தில் உள்ள சாதனங்களும் மறுபக்கத்தில் உள்ளவையும் தொடராக இணைந்து, 240 வோல்ட்டைத் தங்கள் மின்தடைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளும். ஒரு அறையில் விளக்கு மங்கும், இன்னொன்றில் கண் கூசும் அளவுக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சி கருகும். ‘சில விளக்கு மங்கலா இருக்கு’ என்று வீட்டுக்காரர் போனில் சொல்லும்போதே நியூட்ரலைச் சந்தேகிக்க வேண்டும். இதைப் புத்தகமும் சொல்லும். ஆனால் அந்தச் சந்தேகம் தானாக எழுவதற்குப் பத்து வீட்டில் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று ஃபேஸுக்கு வந்தால் விஷயம் இன்னும் கனம். வணிகக் கட்டடங்களில் மூன்று சர்க்யூட்டுகள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொள்வது உண்டு. மூன்றும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் நியூட்ரலில் ஒன்றையொன்று பெருமளவு கழித்துக்கொள்ளும். பேனலில் பிரேக்கரை இடம் மாற்றிய யாரோ ஒருவர் கவனிக்காமல் இரண்டை ஒரே ஃபேஸில் போட்டுவிட்டால், கழிய வேண்டிய மின்னோட்டம் கூடிவிடும். நியூட்ரலுக்குப் பிரேக்கர் கிடையாது. ஆகவே எதுவும் விழாமல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அந்தக் கம்பி சுவருக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். கணினிகளும் எல்இடி விளக்குகளும் நிறைந்த கட்டடத்தில், பிரேக்கர்கள் சரியான இடத்தில் இருந்தாலும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம் (வழக்கமானதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் அலைவது) நியூட்ரலில் கழியாமல் சேரும்.

பழைய பட்டறைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. மூன்று ஃபேஸுக்கான ஒரு வகை டெல்டா (முக்கோண) இணைப்பில் இரண்டு ஃபேஸ்கள் நியூட்ரலுக்கு 120 வோல்ட் காட்டும், மூன்றாவது மட்டும் 208 காட்டும். அந்தக் கம்பிக்கு ஆரஞ்சு நிறம் இட வேண்டும் என்று விதி சொல்கிறது. ஐம்பது வருடப் பட்டறையில் நிறம் மங்கியிருக்கும், இல்லையென்றால் யாரோ மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். அளந்து பார்க்காமல் அதில் 120 வோல்ட் சாதனத்தை மாட்டினால் மாட்டிய நிமிடமே போகும்.

ஃபுளோரிடா மாநிலச் சட்டம் இந்தக் காரணத்துக்காகவே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்: மின் காண்ட்ராக்டர் உரிமம் கேட்பவரின் அனுபவத்தில் குறைந்தது 40 சதவீதம் மூன்று ஃபேஸ் வேலையாக இருக்க வேண்டும். நான் படித்த அனுபவ விதிகளில் மிகவும் யோசித்து எழுதப்பட்டதாக இது எனக்குத் தோன்றுகிறது. இருபது வருடம் வீடுகளுக்கு மட்டும் வயரிங் செய்த ஒருவர் அந்த வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் உரிமம் அவருக்கு 480 வோல்ட் அறைக்கும் சாவி கொடுக்கிறது. அங்கே ஒரு தவறு நடந்தால் காற்றின் ஊடே எழும் மின்வில் (ஆர்க்) எளிதில் தானாக அணையாது, எதிரே நிற்பவரைத் தோலோடு எரித்துவிடும். இத்தனை வருடம் என்று மட்டும் கேட்கும் விதிக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

எந்த அனுபவம் கணக்கில் சேரும் என்பதில்தான் பல விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. கலிஃபோர்னியாவில் அந்த நான்கு வருடமும் ஜர்னிமேன் நிலையிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்காமல் தானே வேலையை முடிக்கக்கூடியவர், ஃபோர்மேன், மேற்பார்வையாளர், காண்ட்ராக்டர், சொந்தக் கட்டடத்தைத் தானே கட்டியவர் ஆகியோரின் அனுபவம்தான் செல்லும். ஹெல்பராகக் குழாய் தூக்கிய காலம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் அப்படியே சேராது. முறையான அப்ரெண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சி, தொழிற்கல்வி, கல்லூரிப் படிப்பு ஆகியவற்றுக்கு அதிகபட்சம் மூன்று வருடம்வரை கழிவு உண்டு. குறைந்தது ஒரு வருடமாவது கைவேலை காட்ட வேண்டும். டெக்சாஸில் நேர்மாறு. அங்கே ஜர்னிமேன் உரிமத்துக்கான மணிக்கணக்கே அப்ரெண்டிஸ் காலத்தில்தான் சேருகிறது. இரண்டு மாநிலமும் அனுபவம் என்றே எழுதுகின்றன, எண்ணத் தொடங்கும் புள்ளி மட்டும் வேறு. ஒரு மாநிலத்தில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்காரர் சொன்னதைக் கேட்டு விண்ணப்பித்து ஏமாறுவது இதனால்தான்.

சொந்தக் கட்டடத்தில் செய்த வேலையைக் காட்டுகிறவர்களுக்குக் கூடுதல் சுமை உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். பெர்மிட் எடுக்காமல் செய்த வேலை என்றால் காட்டுவதற்கே எதுவும் இருக்காது.

கலிஃபோர்னியா வைத்திருக்கும் பத்து வருட வரம்பு பற்றிக் கசப்பு அதிகம். பழைய அனுபவம் ஆவியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். கை மறக்காது, உண்மை. விதி மாறிவிடுகிறது. தேசிய மின் விதித்தொகுப்பு, தொழிலாளர்கள் வாயில் ‘கோட்’, 1897இல் முதலில் வெளிவந்தது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. 2017 பதிப்பு, கம்பி இணைப்புத் திருகுக்குத் தயாரிப்பாளர் இறுக்க அளவு குறிப்பிட்டிருந்தால் அளவுகாட்டும் கருவியால்தான் இறுக்க வேண்டும் என்றது. 2020 பதிப்பு வீடுகளுக்கு மின்னெழுச்சிப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. தீயணைப்பு வீரர் வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் அதே பதிப்புதான் கேட்டது. 2005இல் தொழிலை விட்டுப் போனவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த வரம்பு குழந்தை வளர்ப்புக்காகவோ நோய்க்காகவோ சில வருடம் விலகியவர்களையும் ஒரே கத்தியால் வெட்டுகிறது. அவர்களுக்கு முழுக் கணக்கையும் திரும்பக் கேட்பதைவிட, புதுப்பிப்புப் படிப்பும் ஒரு வருட மேற்பார்வை வேலையும் கேட்பது நியாயமாக இருக்கும்.

இப்போது கையெழுத்து. அனுபவம் உழைத்தவருடையது, அதற்கான சான்று இன்னொருவர் கையில் இருக்கிறது. டெக்சாஸில் மணிநேரத்தை உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டியவர் மேற்பார்த்த மாஸ்டர். கலிஃபோர்னியாவில் வேலையை நேரில் அறிந்த ஒருவர் சான்றுப் படிவத்தில் ஒப்பமிட வேண்டும். பொய் என்று தெரிந்தால் பொய்ச்சாட்சிக் குற்றம் ஆகும் என்ற எச்சரிக்கையின் கீழ் அந்த ஒப்பம் இடப்படுகிறது. வாரியம் குறைந்தது நூற்றுக்கு மூன்று விண்ணப்பங்களை எடுத்து விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். விசாரணை வந்தால் சம்பள ரசீது, டபிள்யூ-2 வரிப் படிவம், பெர்மிட், ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள்.

இந்த அமைப்பில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் பெரும்பாலும் முதலாளி. கையெழுத்துக் கேட்பவர் நாளை அவருக்கே போட்டியாகக் கடை திறக்கப் போகிறவர். நல்ல மனிதர்கள் தயங்காமல் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் இழுத்தடிக்கிறார்கள், ‘இந்த வேலை முடியட்டும்’ என்கிறார்கள், மணிநேரத்தைக் குறைத்து எழுதுகிறார்கள். சில நேரம் முதலாளி இறந்துபோகிறார், நிறுவனம் திவாலாகிறது. கையில் பணம் வாங்கி வேலை செய்தவர்களின் நிலை எல்லாவற்றிலும் மோசம். ரசீதும் இல்லை, வரிப் பதிவும் இல்லை, முதலாளி ஒப்புக்கொண்டால் அவரே மாட்டிக்கொள்வார். அப்படி உழைத்த வருடங்கள் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை.

கலிஃபோர்னியா இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது. முதலாளிதான் சான்று தர வேண்டும் என்பதில்லை. கூட வேலை செய்த ஜர்னிமேன், ஃபோர்மேன், தொழிற்சங்கப் பிரதிநிதி, கட்டட ஆய்வாளர், பொறியாளர், கட்டடக் கலைஞர் என யார் நேரில் அறிந்திருந்தாலும் ஒப்பமிடலாம். வாஷிங்டன் மாநிலம் செய்வது இன்னும் நல்லது. அங்கே வேலை பழகுபவருக்கு மாநிலத் தொழிலாளர் துறை ஒரு பயிற்சிச் சான்று கொடுக்கிறது. அதைப் புதுப்பிக்கும் காலத்தை ஒட்டி முதலாளி மணிக்கணக்கை உறுதிமொழிப் பத்திரமாகத் துறையிடம் பதிய வேண்டும். நான்கு வருடம் கழித்துப் பழைய முதலாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை, கணக்கு அப்போதைக்கப்போது அரசிடம் ஏறிவிடுகிறது. 2023 ஜூலை முதல் அந்த மாநிலம் முழு எலக்ட்ரீஷியன் சான்றுக்குப் பதிவுபெற்ற அப்ரெண்டிஸ் பயிற்சியையே கட்டாயமாக்கியும் இருக்கிறது. பதிவு முறையை எல்லா மாநிலமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பயிற்சிக் கட்டாயத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பயிற்சி இடங்கள் குறைவாக உள்ள ஊர்ப்புறத்தில் அது வேறொரு பூட்டாகிவிடலாம்.

அந்த வசதி இல்லாத இடத்தில் தொழிலாளர்தான் தன் கணக்கைக் காக்க வேண்டும். தேதி, வேலை நடந்த முகவரி, பெர்மிட் எண், எத்தனை ஆம்பியர் சர்வீஸ் (கட்டடத்துக்கு வரும் மின்னிணைப்பு), ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, செய்தது என்ன, எத்தனை மணிநேரம், மேற்பார்த்தவர் பெயரும் உரிம எண்ணும். இவற்றை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஒரு நிறுவனத்தை விட்டு விலகும் வாரத்திலேயே, உறவு நன்றாக இருக்கும்போதே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். காலம் கடந்துவிட்டவர்கள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கட்டணம் கட்டி, எந்த வருடம் எந்த முதலாளியிடம் சம்பளம் வாங்கினோம் என்ற விவரத்தைப் பெறலாம். அது அங்கே வேலை செய்ததைக் காட்டும். என்ன வேலை செய்தார் என்பதைக் காட்டாது.

என்ன வேலை என்பதை எழுதுவதில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ‘எல்லா வகை எலக்ட்ரிக்கல் வேலையும்’ என்று ஒரே வரியில் முடிப்பார்கள். படிவத்தைப் படிக்கும் அலுவலருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. 400 ஆம்பியர் சர்வீஸ் பேனல் நிறுவியது, இரும்புக் குழாய் வளைத்துப் போட்டது, ஃபீடர் (பேனலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பெரிய கம்பி) இழுத்தது, மோட்டார் கண்ட்ரோல் இணைத்தது, தரையிணைப்பைச் சோதித்தது, வரைபடம் பார்த்துப் பொருள் கணக்கிட்டது என்று பெயர் சொல்லி எழுதினால் அது ஜர்னிமேன் வேலையா ஹெல்பர் வேலையா என்பது படித்தவுடனே விளங்கும்.

அனுபவக் கணக்கு நிறையாதவர்களிடம் ஒரு குறுக்குவழியோடு சிலர் வருவதுண்டு. உரிமத்துக்குத் தகுதி உள்ள ஒருவரின் பெயரை மாதவாடகைக்கு வாங்கிக்கொள்வது. கலிஃபோர்னியாவில் சம்பளத்துக்கு இருக்கும் தகுதி நபர் வாரத்துக்கு 32 மணிநேரம், அல்லது நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 சதவீதம், இவற்றில் எது குறைவோ அவ்வளவு உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். வேலையை அவர் நேரடியாகக் கவனிக்கவும் வேண்டும். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் இருவர்மீதும் நடவடிக்கை வரும். நேர்மையாக ஒருவரை நியமித்தவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவர் விலகினால் 90 நாளுக்குள் வேறு ஆள் காட்ட வேண்டும், இல்லையென்றால் உரிமம் முடங்கும். சொந்த அனுபவத்தில் உரிமம் எடுப்பது மெதுவானாலும், இன்னொருவரின் ராஜினாமாக் கடிதத்தில் தொழில் நிற்காது.

மாநிலம் மாறுகிறவர்கள் கடைசியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சில மாநிலங்களுக்கு இடையே உடன்பாடு இருக்கிறது. அரிசோனா, நெவாடா, லூசியானா போன்ற மாநிலங்களில் ஐந்து வருடம் குறையின்றி உரிமம் வைத்திருந்தவருக்குக் கலிஃபோர்னியா தொழில்தேர்விலிருந்து விலக்குத் தரலாம். சட்டமும் வணிகமும் பற்றிய தேர்வை எழுதியே ஆக வேண்டும். இதற்குப் பழைய மாநில வாரியம் நேரடியாக அனுப்பும் உரிமச் சான்று வேண்டும். ஆகவே புது மாநிலத்தில் முதல் ஒப்பந்தத்துக்கு விலை சொல்வதற்கு முன்பே அந்தச் சான்றுக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும். பழைய உரிமத்தையும் அதுவரை காலாவதியாக விடக்கூடாது.